சாலமன் சாரின் நாள் தொடங்கும் நேரம்

சாலமன் சார் போய்விட்டார் என்று அவர் மகள் தானேயிலிருந்து போனில் சொன்னபோது நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்த வேகத்தில் தலை இடித்தது. அவர் இருந்திருந்தால், "மெதுவா முருகேசன், ஜீப் கவர்மெண்ட் சொத்து" என்றிருப்பார்.

நம் நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்குத் தெரியும், அவர் யூதர். நாம் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வோம். கேக்கை வாங்கிக்கொண்டு, "என் பண்டிகை எப்பவோ முடிஞ்சுது" என்பார். ஊழியர் விரும்பி எடுக்கும் விடுமுறைப் பட்டியலில் அவர்களுடைய பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் கிடையாது. அன்றைக்குச் சோறு, தண்ணீர், வேலை, வண்டி எதுவும் ஆகாது. வருடா வருடம் மனுப் போட்டார். ஒரு வருடம் பட்டியலில் அந்த நாள் ஏறியது. அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அந்த வருட யோம் கிப்பூருக்கு முந்தின நாள் வெள்ளிமலையில் கிணறு அளந்துகொண்டிருந்தோம். மூன்று மணிக்கே வீட்டுக்குக் கிளம்பத் துடித்தார். அவர்களுக்குச் சூரியன் மறைந்தாலே மறுநாள் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதிகாரியிடம் போனில் கெஞ்சினார். அதிகாரி சொன்னது எனக்கும் கேட்டது.

"லீவு நாளைக்குத்தானங்க? இன்னிக்கு அஞ்சு வரைக்கும் நம்ப நாளு. முன்னாடி கெளம்புனா, குடுத்த லீவையே யோசிக்கணும்."

ஐந்துக்குக் கிளம்பினோம். வளைவுக்கு வளைவு ஆடியபடி சப்பாத்தியை விழுங்கினார். நான் ஓட்டியதை என் மனைவி பார்த்திருந்தால் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். அடிவாரத்துக்குச் சற்று மேலே மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது.

"இன்னாபா, எவ்ளோ நேரம்?"

"ஜாக்கி எடுத்துக்கினு வராங்கண்ணா."

சார் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போனது. பையையும் போனையும் ஜீப்பில் வைத்தார். அன்றைக்குத் தோல் செருப்பும் ஆகாதாம், ஷூவைக் கழற்றினார்.

"நான் நடக்கிறேன், முருகேசன்."

"சார், கரடி கீது சார்."

"கரடிக்கு இந்த நாள் தெரியாது. எனக்குத் தெரியுமே."

என் ரப்பர் செருப்பைக் கொடுத்தேன். லாரி நகர்ந்ததும் அவரைத் துரத்திப் பிடித்தேன். ஏற மறுத்தார். பின்னாலேயே முதல் கியரில், விளக்கைப் போட்டபடி ஊர்ந்தேன்.

பஸ்காரன் ஹாரன் அடித்தான். "யோவ், இன்னா, சாமி ஊர்வலமா?"

"ஆமா, ஒதுங்கிப் போ."

அடிவாரத்தில் என் வீட்டில் தங்கினார். மறுநாள் முழுக்க நின்று தொழுதார். பிள்ளைகள் டிவி போடவில்லை, எனக்கே கிடைக்காத மரியாதை. மனைவி மட்டும் கதவருகே நின்றுகொண்டு, "தண்ணிகூட வேணான்றாரு. எதுனா ஆச்சுன்னா நம்பளத்தான் புடிப்பாங்க" என்று என்னையும் பட்டினி போட்டாள்.

இருட்டியதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "லீவு கொடுத்துட்டாங்க முருகேசன். என் நாளை இன்னும் கொடுக்கலை" என்றார். முந்தின நாள் பிற்பகலையும் சேர்க்கச் சொல்லி மறுபடி மனுப் போட்டார். ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை.

அந்தச் செருப்பு தேய்ந்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. எந்தப் பண்டிகைக்கு யார் ஊருக்குக் கிளம்பினாலும், சாவியைத் திருப்பும் முன் கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கு நாள் எப்பங்க ஆரம்பிக்குது?"