"உங்களால ஆச்சு" என்று சொன்ன லூர்து அக்கா

போன திங்கட்கிழமை காலை செராமிக் தொழிற்பேட்டை வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, அரவை குப்புசாமி எனக்காகக் காத்து நின்றார். எங்கள் பழைய பட்டறையில் மண் அரைத்து, வயதாகி வேலையை விட்டுப் போனவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"லூர்து பூட்டாங்கப்பா" என்றார். தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

லூர்துமேரி அக்கா உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து கருவேப்பிலங்குறிச்சியில் தங்கை வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். குப்புசாமி கண்கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கீழே வேலை செய்யமாட்டேன் என்று ஒரு காலத்தில் முறைத்துக்கொண்டு நின்ற மனிதர் இவர். இதைப் படிக்கும் உங்களில் அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கதையில் பாதி தெரிந்திருக்கும். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், எங்கள் பட்டறையில் மின்கம்பத்துக்கான பீங்கான்களும் டீக்கடைக் கோப்பைகளும் செய்துகொண்டிருந்தோம். கோப்பைக்குக் காது ஒட்டும் பலகையில் உட்கார்ந்திருந்த லூர்து அக்காவை முதலாளி திடீரென்று மேற்பார்வைக்குப் போட்டார். "பொம்பள சொல்லி நான் மண்ணு அரைக்கணுமா" என்று குப்புசாமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அக்கா கேட்டும் கேளாதது போல இருந்தார். சாயங்காலம் மணி அடித்ததும் வாசலில் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏதோ சொல்லி அனுப்பினார். குப்புசாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணே, இன்னிக்கி மண்ணுல ஒரு கல்லு இல்ல. அச்சுல ஊத்துனது எல்லாம் பழுதில்லாம வந்துது. உங்களால ஆச்சு."

குப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டீ குடிக்கும்போது நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். புதுப் பதவி வந்தவர்கள் இப்படித்தான், நாலு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தோம். அடங்கவில்லை. மழையிலும் நின்றார், தலைவலியோடும் நின்றார். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "அது மேடையில சொல்றது. வூட்டுலயும் வேலையிலயும் யாருக்கு அது ஒட்டுது?" என்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். பலகையில் மிஞ்சிய களிமண்ணை வழித்தபடியே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு ரயில்வேயில இருந்தாரு. அவரு தவறிப் போனப்புறம் எதைப் பாத்தாலும் இல்லாததுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்ப தெனமும் காலையில என் குடம் நெறைஞ்சிருக்கும். யாரு நெறைக்கிறாங்கன்னு நான் கேக்கவே இல்ல. ஒருநா குடம் காலியா கெடந்துது. அன்னிக்கிதான் கேட்டேன். பக்கத்து வூட்டு அம்மாவாம். முந்தின நாளு வூட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

கையைத் துடைத்துக்கொண்டார். "அதான் தம்பி, பொழுது சாயறதுக்குள்ள சொல்லிப்புடணும். சொல்றதுக்காவத் தேடுறேன். தேடினா கெடைக்குது. கெடைச்சா எனக்கே மனசு லேசா இருக்குது."

அது உண்மை. அந்தப் பட்டறையில் அவரைப் போல வாய்விட்டுச் சிரித்தவர் வேறு யாரும் இல்லை. அரவை எந்திரத்தின் இரைச்சலைத் தாண்டி அந்தச் சிரிப்பு கேட்கும்.

ஆனால் அவர் இல்லாததைச் சொல்லமாட்டார். ஒரு நாள் குப்புசாமி குடித்துவிட்டு வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். சாயங்காலம் வாசலில் எல்லாரும் எதிர்பார்த்தோம், இன்று செமத்தியாகத் திட்டு விழும் என்று. அக்கா அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "இன்னிக்கி உங்களப் பத்திச் சொல்ல ஒண்ணும் கெடைக்கல அண்ணே. நாளைக்கிப் பாக்கறேன்" என்றார். திட்டியிருந்தால் குப்புசாமி திருப்பித் திட்டியிருப்பார். அன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் எங்களுக்கு முன்பே வந்து எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். பேட்டையில் எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவான சூளை. முறை வைத்துத்தான் சரக்கை வேகவைக்க முடியும். எங்கள் முறை வந்தபோது சரக்கு சரியாகக் காயவில்லை. "இன்னும் ஈரமா இருக்குதுக்கா" என்று காது ஒட்டும் செல்வி சொன்னாள். அச்சு வார்க்கும் நானும் சொன்னேன். முறை தப்பினால் மறுபடி எப்போது கிடைக்குமோ என்ற பயத்தில் அக்கா சூளையில் ஏற்றச் சொல்லிவிட்டார். சூளையிலிருந்து வெளியே வந்த பீங்கான் அத்தனையிலும் விரிசல்.

மறுநாள் முதலாளி வந்தார். எங்கள் எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பாதிப் பேரை நிறுத்திடலாம்னு இருக்கேன். யார் யார் வேண்டாம்னு நீயே சொல்லும்மா" என்றார்.

"ஈரத்தோட ஏத்தச் சொன்னது நான்தாங்க. இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார் அக்கா.

"அது அப்புறம். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். என் வீட்டில் அப்போது கைக்குழந்தை. அவர் கண் என்மேல் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஓரத்தில் நின்றவரிலிருந்து தொடங்கினார்.

"குப்புசாமி அண்ணன். எந்திரத்துல சத்தம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திப் பாத்துட்டுத்தான் மறுபடி ஓட்டுவாரு. இது செல்வி. புதுசா யாரு வந்தாலும் தன் வேலைய வுட்டுட்டுக் கத்துக்குடுக்கும். அஞ்சலை அம்மா யாரும் சொல்லாமயே மத்தியானம் இன்னொரு தடவ பெருக்குவாங்க. இல்லன்னா மெருகுல தூசி ஒட்டிப்பூடும். இந்தத் தம்பி, அச்சு ஒடைஞ்சா ஒளிச்சு வெக்காது. நேரா எடுத்தாந்து காட்டும்."

அந்தத் தம்பி நான்தான். இப்படியே ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு போனார். தடுமாறவில்லை, யோசிக்கவும் இல்லை. வருடக்கணக்காக வாசலில் நின்று எங்களுக்குச் சொன்னதைத்தான் இப்போது முதலாளிக்குச் சொன்னார். எங்கள் வீட்டில்கூட எங்களைப் பற்றி இவ்வளவு தெரியாது. அஞ்சலை அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மனுஷியால் இத்தனை பேரை இவ்வளவு உற்றுப் பார்க்க முடியுமா என்று எனக்கு இருந்தது.

கடைசி ஆள்வரை சொல்லி முடித்து, "இவங்க செய்யறது எனக்குத் தெரியுதுங்க. யாரு வேணாம்னு தெரியலைங்க" என்றார்.

முதலாளி விரிசல் விட்ட ஒரு பீங்கானைக் கையில் உருட்டிப் பார்த்தார். யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் தப்புக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா. அக்காவை மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, பழையபடி காது ஒட்டும் பலகைக்கே அனுப்பினார். திட்டக்குடிக்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார்.

அக்கா வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தோம். மறுநாள் நேரத்துக்கு வந்து செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் வாசலில் புது மேற்பார்வையாளர் விறைப்பாக நின்றிருந்தார். அவரிடம் போய், "பலகைய ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டீங்க சார். வெளிச்சம் நல்லா வந்துது. உங்களால ஆச்சுங்க" என்றார். குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. அந்த மனிதருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் இடத்தைப் பிடித்தவரிடமும் ஒரு நல்லதைத் தேடி எடுக்க எப்படி முடிந்தது என்பது இன்றுவரை எனக்கு எட்டவில்லை.

பின்னால் வந்த குப்புசாமி அக்கா முன்னால் நின்றார். "யம்மா, நேத்து வூட்டுக்குப் போயி நிம்மதியா சாப்புட்டேன். உன்னால ஆச்சு" என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அன்று பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் முதலாளி அவரையே திரும்ப மேற்பார்வைக்குப் போட்டார். காரணம் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இப்போது பேட்டையில் வேறொரு பட்டறையில் நான் மேற்பார்வை பார்க்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சு அல்ல, பார்வை. சாயங்காலம் வாசலில் நின்று சொல்லியாக வேண்டுமே என்பதற்காகப் பகலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் கோபம் குறைகிறது. வேலை செய்கிறவர்களும் ஒளிவு மறைவில்லாமல் என்னிடம் வருகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது மனம் கனப்பதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். பகல் முழுவதும் ஒன்றும் கண்ணில் படவில்லை. மணி அடித்ததும் பழக்கத்தில் வாசலில் போய் நின்றுவிட்டேனே தவிர, யாரிடமும் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் மும்தாஜ் மட்டும் நின்றாள். அக்காவை அவள் பார்த்ததுகூட இல்லை.

"மனசு சரியில்லாதப்பவும் எங்களுக்காவ வந்து நிக்கறீங்களேண்ணே" என்றாள். "அது போதும். போயிட்டு வரேன்."