நான் குரூப்பில் போடாத வீடியோ

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மும்பை தாராவியில் நாங்கள் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தில் நடந்தது.

விக்ரோலியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால் புதிது போட்டுக் கொடுப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. ஆனால் எங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை நான் பெரிய இன்ஜினீயர். டி.வி. தெரியவில்லை என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். குடியிருப்போர் சங்கமான சொசைட்டியில் கேமரா வைத்தபோது அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய பதிவை எடுத்துப் பார்க்க என்னை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடம். அதில் ஒரு முழம்கூட உயரம் இல்லாத கருங்கல் பிள்ளையார். அன்று காலை அவரைக் காணோம். விளக்கு இருந்தது, முந்தின நாள் வைத்த செம்பருத்தி இருந்தது, அவர் மட்டும் இல்லை.

வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொண்டது. காபி குடித்து முடிப்பதற்குள் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாட்ச்மேன்தான். அவர் பீகார்க்காரர். விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் போடப் பின்பக்கம் போனதாகச் சொன்னார். வாசலில் ஏன் இல்லை என்று அதற்கும் திட்டினார்கள், வாசலில் இருந்துகொண்டே எடுத்தவரும் அவர்தான் என்றார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று கேட்க ஆளில்லை. மதியத்துக்குள் மீட்டிங் போட்டு அவரை அனுப்பிவிடுவதாக முடிவு. மோட்டார் அறையை ஒட்டிய சின்ன இடத்தில்தான் அவர் குடும்பத்தோடு இருந்தார். வேலை போனால் அதுவும் போகும்.

அவரே என் வீட்டுக்கு வந்தார். "கேமரா மே தேக் லோ மேடம்," என்றார். கேமராவில் பாருங்கள், அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து விடியற்காலைப் பதிவை ஓட்டினேன். வாட்ச்மேன் பின்பக்கம் போகிறார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறக்கிறது. நாலாவது மாடிப் பெண் வருகிறாள். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை என்று கட்டடமே அவளைக் கேள்வி கேட்டு முடித்திருந்தது. இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பிள்ளையாரைத் தூக்கித் தோளில் சாய்த்து, முந்தானையால் மூடி, முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல் ஒரு கையை வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போய்விடுகிறாள்.

திருடிக்கொண்டு வந்து கும்பிடும் பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கேள்விப்பட்டதுதான். லிஃப்டில் வந்து எடுத்துப் போவார்கள் என்று நினைத்ததில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உன் வேண்டுதலுக்கு அந்த மனிதர் வேலையை இழக்க வேண்டுமா? வீடியோவில் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போனுக்கு மாற்றி, குரூப்பில் ஏற்றி, அனுப்பும் பட்டன்வரை வந்துவிட்டேன். அப்போதுதான் யார் யார் பார்ப்பார்கள் என்று ஓடியது. கட்டடம் பார்க்கும். கட்டடத்திலிருந்து மும்பையை அடுத்த கல்யாணில் இருக்கும் சொந்தக்காரர்கள், சாயங்காலத்துக்குள் ஊரில் அவள் மாமியார். அவள் பிள்ளையாரைத் தட்டிக்கொடுப்பதை அத்தனை பேரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

அழிப்பதும் சுலபம்தான். ஆனால் சரியாக அந்த நேரத்துப் பதிவு மட்டும் இல்லை என்றால் அந்தப் பழியும் வாட்ச்மேன் மேல்தான் விழும்.

அடுத்தவர் பதிவுகளை யாருக்குக் காட்டலாம், எதை அழிக்கலாம் என்று ஆபீஸில் வருஷா வருஷம் பயிற்சி வைப்பார்கள். நானும் சரியான விடைகளை டிக் செய்து பாஸாகியிருக்கிறேன். அந்தக் கேள்விகளில் பிள்ளையார் வரவில்லை.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு நாலாவது மாடிக்குப் போனேன். கையில் அதை வைத்துக்கொண்டு பேசினால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. கதவைத் திறந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன், கேமராவில் தெரிகிறது, யாருக்கும் காட்டவில்லை, ஆனால் வாட்ச்மேனை அனுப்பப் போகிறார்கள் என்று.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவுகளுக்கே தெரியாதுக்கா," என்றாள், கணவனைச் சொல்லி. "ஒங்க கையிலதானே இருக்கு, அழிச்சிருங்கக்கா."

முடியாது என்றேன். நான் யாருக்கும் காட்டவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன் என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது.

மீட்டிங்கில் செக்ரட்டரி அண்ணாச்சி, "ஏம்மா, வீடியோவப் போடாம என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" என்றார். மளிகைக்கடைக்காரர், குரலே பாதிக் கட்டடத்துக்குக் கேட்கும்.

"பாத்துட்டேன் அண்ணாச்சி. வாட்ச்மேன் எடுக்கல. அதுக்கு நான் பொறுப்பு. எடுத்தது யாருன்னு மட்டும் காட்ட மாட்டேன்."

"சொசைட்டி துட்டுல வச்ச கேமரா அது. ஒன் வீட்டுதா?"

அவர் கேட்டது நியாயம்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இவளே எடுத்திருப்பா," என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. ஒரு நிமிஷத்தில் நான் இன்ஜினீயரிலிருந்து திருடியாகிவிட்டேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் லிஃப்ட் திறந்தது. அவள்தான். இரண்டு கையிலும் பிள்ளையார். குளிப்பாட்டி, சந்தனம் வைத்திருந்தாள். அவள் கணவனும் கூட நின்று ஒரு பக்கம் தாங்கியிருந்தான்.

"நான்தான் எடுத்தேன். அந்த அண்ணன ஒண்ணும் சொல்லாதிய," என்றாள்.

அண்ணாச்சி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"நீங்க சும்மா கெடங்க. ஊருல வாய்க்கால் கரையில இருந்த இந்தப் பிள்ளையார நீங்க துண்டுல சுத்தி ரயில்ல தூக்கிட்டு வந்தியளே, யாருகிட்டக் கேட்டு எடுத்திய?" பிறகு அவளைப் பார்த்து, "மேல கொண்டு போத்தா. வேண்டுதல் நெறவேறட்டும், அப்புறம் கொண்டாந்து வை."

அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் லிஃப்டில் மேலே போனார். வாட்ச்மேன் இன்றும் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார், அவரிடம் மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். இதுவரை இல்லை. அந்தப் பதிவு நாளடைவில் புதுப் பதிவுகள் ஏறி ஏறித் தானாகவே அழிந்துபோனது. சில வாரங்கள் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது அவள் சொன்னாள்: "அன்னிக்கு அவுககிட்ட நானே சொன்னேன்க்கா. இத்தன வருஷத்துல அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து அழுதோம்."

நான் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் அவள் கணவன் அதை வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பான். இப்போதும் எதையாவது ஃபார்வர்டு செய்யக் கை போகும்போது, இதைச் சொல்ல வேண்டியவர் உண்மையில் யார் என்று ஒரு தடவை நின்று யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.