கழுவாத டேங்க்

என் மனைவிக்குக் கொல்லிமலையில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை. பத்திரிகை வேலையை விட்டபின் நானும் அவளோடு ஆலத்தூர் நாட்டுக்குக் குடிவந்தேன். வாடகை வீட்டின் பின்சுவரை ஒட்டி வீட்டுக்கார அம்மாவின் சாமைக் காடு. சுற்றிலும் எல்லோரும் மரவள்ளிக்கு மாறி உரமும் மருந்தும் போட்டார்கள். அவர் மட்டும் ரசாயனத்தைத் தொடவில்லை. அவருடையது பழைய ரகம். அக்கம்பக்கத்தில் அதன் விதை வேறு யாரிடமும் கிடையாது. அடுத்த வருடத்து விதை அந்தக் காட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஆடியில் ஒரு காலை அவர் பயிருக்கு மீன் கரைசல் அடித்துக்கொண்டிருந்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்வது. நாற்றம் எங்கள் சமையலறை வரை வந்தது. முதுகில் மாட்டியிருந்த தெளிப்பானை இங்கே டேங்க் என்பார்கள். அது மேல்காட்டில் மரவள்ளி போட்டிருந்த கொழுந்தனுடையது. இரண்டாவது டேங்க் முடியும் நேரத்தில் கொழுந்தனே இறங்கி வந்தார்.

"கழுவிட்டுத்தான ஊத்துனீங்க, அண்ணி?"

"நீ கழுவாமயா மாட்டி வெச்சிருந்த?"

"நான் எதுக்குங்க கழுவறேன்? நம்ம டேங்க்தான."

இரவல் பாத்திரத்தை வாங்கியவர்தான் கழுவித் திருப்பித் தர வேண்டும். டேங்கும் அந்த வழக்கத்தில்தான் ஊரைச் சுற்றியது. டேங்குக்குச் சொந்தக்காரர் யாரிடமும் திருப்பித் தர வேண்டியதில்லை. அதனால் அவர் கழுவியதே இல்லை. முந்தின நாள் அதில் அவர் அடித்தது புல்லைக் கொல்லும் மருந்து. சாமையும் புல் இனம்.

"மீன் நாத்தத்துல உன்ற மருந்து வாசம் எங்க தெரியும்" என்றார் அந்த அம்மா.

அதன்பின் தினமும் விடிந்ததும் காட்டில் நின்றோம். ஒரே இலை பனியில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரிந்தது.

"ஏனுங்க சார், இது மஞ்சளா?"

"மஞ்சள் மாதிரியும் இருக்கு. வெயிலாவும் இருக்கலாம்."

"பேப்பர்க்காரரு பேச்சு. ரெண்டு பக்கமும் எழுதிட்டீங்க."

பிறகு கேட்கத் தேவை இருக்கவில்லை. அவர் அடிக்கத் தொடங்கிய மூலையில் நுனிகள் மஞ்சளாகி, வைக்கோல் நிறத்துக்குப் போயின. முதல் டேங்க் தீர்ந்த இடத்தில் பச்சை தொடங்கியது. அங்கே வரிசையாகக் கல் வைத்தார். சாவு அந்தக் கல்லோடு நிற்குமா என்பதுதான் எங்கள் கவலை.

கொழுந்தன் தினமும் வந்து வரப்பில் நின்றுவிட்டுப் போனார். ஒருநாள் மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டு உறவினர்களிடமிருந்து ஒரு பை சாமை விதை கொண்டுவந்தார். இந்த ரகம் இல்லை; ஆனாலும் சாமை. அந்த அம்மா ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஓடவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. அவங்க காட்டுல என்ன அடிக்கறாங்கனு கேட்டியா?"

"கேக்கலீங்க."

"டேங்க் யாருதுனாச்சும்?"

பை பிரித்தபடியே சுவரோரம் கிடந்தது.

மறுநாள் காலை நான் போனபோது அந்த அம்மா கல்லுக்கு இந்தப்புறம், பச்சைப் பக்கத்தில் குனிந்திருந்தார். ஒரு தூரில் நுனி வெளுத்திருந்தது. பனியோ என்று துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பக்கத்துத் தூரையும் துடைத்தார். அதுவும் அப்படியே இருந்தது.

வரப்பில் நின்ற கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொருக்கா பைல் நாட்டுக்குப் போய் டேங்க் யாருதுனு கேட்டுட்டு வந்துரு, சாமி."