கால் பட்ட துடுப்பு

பழவங்காடியில் தேங்காய் விற்கிறவள் எதற்கு வியட்நாம் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. பிள்ளையார் கோவிலுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, உடைப்பதற்கென்றே தேங்காய் விற்கிறேன். எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு டூர் போவோம். பழனி, ஊட்டி, மைசூர் எல்லாம் தீர்ந்துபோய், ராமேஸ்வரத்துக்கே இரண்டாம் தடவை போகலாமா என்று பேச்சு வந்தபோது பூக்கடைக்காரி தன் போனில் வியட்நாமைக் காட்டினாள். கொச்சியிலிருந்து நேரே விமானம், ஆறு நாள், எங்கே போனாலும் சோறு உண்டு. பதினாறு பேர் பெயர் கொடுத்தோம். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது என் வீட்டுக்காரருடையது. அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அந்த நாட்களில் அவர் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பூவாரில் வள்ளம் வலிக்கிறவர். மோட்டார் படகு இல்லை, கைத்துடுப்பு. தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கும் கண்டல் மரங்களுக்கு நடுவே, மோட்டார் நுழைய முடியாத ஓடைகளில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய், மீன்கொத்தியைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவது வேலை. போன வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டது. எண்ணெய் போட்டுத் தேய்த்தோம், ஊசி போட்டோம். கடைசியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, இனிமேல் துடுப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாலு மாதமாக வள்ளம் கரையில் கட்டிக் கிடந்தது. அவர் வீட்டில் கிடந்தார்.

டூருக்குப் பத்து நாள் முன்னால், பக்கத்து ரிசார்ட்டிலிருந்து ஒருவர் வந்து வள்ளத்தை விலைக்குக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் நான் சோறு போடும்போதுதான் இவர் என்னிடம் சொன்னார்.

"வாசல்ல வைக்கியதுக்காம். உள்ள மண்ணு போட்டு செடி நடுவாங்களாம்."

"என்ன செடி?"

"எந்தச் செடியா இருந்தா என்னட்டி. ஊருக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லியாச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ரிசார்ட்காரர் மேல் இல்லை, இவர் மேல். முப்பது வருஷம் மனிதர்களைச் சுமந்த வள்ளத்தில் செம்பருத்தி பூத்தால், தினமும் அந்த வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் இவர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ரிசார்ட்காரரிடம் சரி என்று சொல்லத்தான் போகிறார் என்பது அவர் சோற்றைப் பிசைந்த விதத்திலேயே தெரிந்தது. டூர் முடிந்து திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வதென்று எனக்கும் புரியவில்லை. ஆனால் செய்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நான்காம் நாள் எங்களை ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஏற்றி நின் பின் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வயலுக்கு நடுவே ஓர் ஆறு, இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறைகள், மூன்று குகைக்குள் அந்த ஆறு நுழைந்து வெளியே வருகிறது. எல்லோரும் படகில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். துறையில் நூற்றுக்கணக்கில் படகுகள். வலிப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுப் பெண்கள், தலையில் கூம்பு மாதிரி ஓலைத்தொப்பி. ஒரு படகுக்கு இரண்டு பேர் என்று எங்களைப் பிரித்து ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் ஏறுவதற்கு முன்னால் படகின் விளிம்பைக் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"தகரம்" என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில் குறை கண்ட மாமியார் முகம்.

எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார, இவர் மட்டும் திரும்பிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். துடுப்பு முதுகுக்குப் பின்னால் இருக்க, தான் முன்னால் பார்த்து உட்கார அவருக்கு வராது. ஆயுசு முழுவதும் வள்ளத்தில் இருந்தவர், ஒரு நாளும் சவாரி போனதில்லை. படகுக்காரப் பெண் கையைச் சுழற்றித் திரும்பச் சொன்னாள். இவர் அசையவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டாள்.

கூட்டம் விலகும்வரை அவள் கையால்தான் வலித்தாள். நெரிசல் குறைந்ததும் பின்னாலிருந்த பலகையில் சாய்ந்தாள், செருப்பைக் கழற்றினாள், இரண்டு காலையும் தூக்கி இரண்டு துடுப்பின் பிடியிலும் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். முட்டி மடங்கி நீளும்போதெல்லாம் படகு முன்னால் போனது. அவளுடைய உள்ளங்கால் இரண்டும் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை, படம் எடுத்தார்கள். இவர் முகம் செத்துவிட்டது. எங்கள் வீட்டில் துடுப்பைத் தாண்டிப் போகக்கூட யாருக்கும் அனுமதி இல்லை. காலையில் வள்ளத்தில் ஏறும் முன் துடுப்பை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரு தடவை ஏதோ ஒரு சவாரிக்காரர் துடுப்பின் மேல் காலை நீட்டி வைத்ததற்கு, நட்டாற்றில் வள்ளத்தை நிறுத்தி, காலை எடுத்தால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டான். இவர் சட்டை செய்யவில்லை.

"சோறு போடுத சாமானத்த சவிட்டுதாளே" என்றார் மெதுவாக.

"அவங்க ஊரு வழக்கம். நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பவில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கோ கை இரண்டும் சும்மா. ஒரு கொய்யாவை எடுத்து நறுக்கி எங்களுக்குக் கொடுத்தாள். போனில் யாரிடமோ சண்டை போட்டாள். தொப்பியைச் சரி செய்துகொண்டாள். இத்தனைக்கும் படகு நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

முதல் குகைக்குள் இருட்டில் போய் வெளியே வந்தபோது இவர் பார்வை இடம் மாறியிருந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். தோள் அசையவே இல்லை. பலகையில் அது பாட்டுக்குச் சாய்ந்து கிடந்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் வேண்டாம் என்பார், முப்பது வருஷப் பழக்கத்தில் கற்றுக்கொண்டது அது.

மூன்றாவது குகை தாண்டி, படகுகள் திரும்பும் இடத்தில் தின்பண்டம் விற்கிற படகுகள் வளைத்துக்கொண்டன. ஒருத்தி எங்களிடம் ஒரு குளிர்பானத்தை நீட்டி, எங்கள் படகுக்காரியைக் காட்டி, பாவம் களைத்துவிட்டாள், வாங்கிக் கொடுங்கள் என்று சைகை செய்தாள். எனக்கு மனசு இளகி வாங்கிக் கொடுத்துவிட்டேன். எங்கள் படகுக்காரி சிரித்து வாங்கி, திறக்காமல் காலடியில் வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அவ குடிக்க மாட்டாட்டி. அடுத்த தடவ வரும்போ அந்தக் கடைக்கே குடுத்துப் பாதிக் காசு வாங்கிருவா. நம்ம பூவார்ல கரிக்கு கடையிலயும் இதுதானே ஏற்பாடு."

"நீங்களும் அப்படிக் குடுத்ததுண்டா?"

"பின்ன? ஒரு நாளைக்கு எத்தன கரிக்கு குடிக்க முடியும்?"

இளநீர்க் கடைக்காரரோடு சேர்ந்து இத்தனை வருஷம் என்னிடம் மறைத்த சங்கதி. வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டியது என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ இளகிவிட்டது. தொழில் தெரிந்தவருக்குத் தொழில் தெரிந்தவளாக அவள் தெரிய ஆரம்பித்துவிட்டாள். திரும்பும் வழியில் அவரே தன் வலது தோளைத் தட்டிக் காட்டி, கையைத் தூக்க முயன்று, பாதியில் நிறுத்தி, முடியாது என்று தலையாட்டினார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். தன் தோளைத் தட்டி, முகத்தைச் சுளித்து, தன் காலைத் தட்டிச் சிரித்தாள். பிறகு எழுந்து, தன் இடத்தைக் காட்டினாள்.

அசைகிற படகில் இருவரும் இடம் மாறிய விதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அவர் பலகையில் சாய்ந்தார், செருப்பைக் கழற்றினார். துடுப்பை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. மறுபடியும் கீழே வைத்துவிட்டார்.

படகு மிதந்து நடு ஆற்றில் குறுக்கே நின்றது. பின்னால் படகுகள் சேர்ந்துவிட்டன, எல்லா மொழியிலும் எங்களைத் திட்டினார்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

"வேண்டாம்" என்றார். "என்னால முடியாது. செடியே வைக்கட்டு."

செடி என்ற வார்த்தையில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் எங்க தேங்கா விக்கேன்?" என்று கேட்டேன்.

"பழவங்காடியில."

"யாருக்கு உடைக்கியதுக்கு?"

"பிள்ளையாருக்கு."

"அந்தத் தேங்காய பறிக்கியவன் எப்படிப் பறிக்கியான்? தெங்குல காலால சவிட்டிக் கேறியான். அவன் கால் படாத ஒரு தெங்கு உண்டா? பிள்ளையாரு எனக்கு வேண்டாம், கால் பட்ட மரத்துத் தேங்கான்னு என்னைக்காவது திருப்பி எறிஞ்சிருக்காரா? இருபத்திரண்டு வருஷமா நான் பாத்ததில்ல. பிள்ளையாருக்கு இல்லாத தீட்டு உங்க துடுப்புக்கு எங்க இருந்து வந்து? காலை வையுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக வலது காலை வைத்தார், பிறகு இடது காலை. முதல் மிதியில் படகு வட்டமடித்துக் கரையில் போய் முட்டியது. இரண்டாவது தடவை ஒரு ஜப்பான்காரக் குடும்பத்தின் படகில் முட்டியது. படகுக்காரப் பெண் அவர் முட்டியைப் பிடித்து, எப்போது மடக்க வேண்டும், எப்போது நீட்ட வேண்டும் என்று அழுத்திக் காட்டினாள். கொஞ்ச தூரத்தில் பிடிபட்டுவிட்டது. தண்ணீர் தெரிந்தவருக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்துவிடும். துறை வரைக்கும் அவர்தான் வலித்தார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கொய்யாவைத் தின்றுகொண்டு, தன் படகில் தானே சவாரி வந்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான், அதை ஒளிக்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே வள்ளத்தின் இரண்டு விளிம்பிலும் கட்டை அடித்துத் துடுப்பைக் கோக்கக் கயிற்று வளையம் மாட்டினார், சாய்வதற்கு ஒரு பலகை பொருத்தினார். ரிசார்ட்காரர் வந்தபோது, செடிக்கு வேறு வள்ளம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். லேசாக ஒன்றும் முடியவில்லை. ஒரு மாதம் தொடை பிடித்துக்கொண்டு படுக்கையில் புரண்டார். கண்டல் ஓடை அந்த ஆற்றைவிடக் குறுகல், வளைவு அதிகம், வேர் தட்டும். "அண்ணன் வள்ளத்துல சைக்கிள் சவிட்டுகாரு" என்று மற்ற வள்ளக்காரர்கள் கேலி பேசினார்கள். இப்போது சவாரிக்கு வருகிறவர்கள் கேட்டு வந்து அவர் வள்ளத்தில் ஏறுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் துடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலை வைக்கிறார். அதை யாரும் படம் எடுக்க விடுவதில்லை.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. தேங்காய் உரிக்கிற பாரை, என் வெட்டுக்கத்தி, அவருடைய இரண்டு துடுப்பு எல்லாவற்றையும் கழுவி விளக்குக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் பூஜை எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அவர் குளித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"காலை நீட்டுங்க" என்றேன்.

ஏதோ முள் எடுக்கப்போகிறேன் என்று நினைத்து நீட்டினார். துடுப்பு பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்காலிலும் மஞ்சளாகக் காய்ப்பு விழுந்திருந்தது. அந்தக் காய்ப்பின் மேல் ஒரு பொட்டுச் சந்தனம், அதன் மேல் குங்குமம் வைத்தேன். அவர் வெடுக்கென்று காலை இழுக்கப் பார்த்தார். நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி செய்யிய?"

"தொழில் சாமானம்லா. பேசாம இரியுங்க."

அடுத்த காலுக்கும் வைத்து முடித்தேன். அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, "நாளைக்கில்லா பூஜ எடுப்பு. அது வரைக்கும் நான் எப்படி நடக்கும்?" என்று கேட்டார்.

"நடக்காண்டாம். சோறு நான் இங்க கொண்டு வாறேன்."

நான் அடுக்களைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலையும் விளக்குக்கு நேரே நீட்டியபடி அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.