இடது பின்சக்கரத்தில் ஒரு வெள்ளிக் குண்டு

தாஸ்கோவில் வாடகைக் கார் ஓட்டுகிற எங்களில் ஒத்தீலியா பிராக்கமோந்தெஸிடம் பிரேக்கைக் காட்டாதவர் யாரும் கிடையாது. எங்கள் ஊரில் சமமான தெரு என்று ஒன்றும் இல்லை. எல்லாம் மலைச்சரிவில் கல் பாவிய சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய இடத்தில் நாங்கள் காரைத் திருப்புகிறோம். அதனால்தான் கூன் முதுகு வோச்சோ காரை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். பழைய வண்டி, எஞ்சின் பின்னால், அத்தனையும் வெள்ளை நிறம். எஞ்சின் நின்றுபோனால் நாலு பேர் தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக் நின்றுபோனால் சாமியைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

இது நடந்தபோது ஒத்தீலியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். முன்னங்கை மட்டும் ஆண்பிள்ளைக் கைபோல முறுக்கேறியிருக்கும். பதினெட்டு வயதில் இகுவாலாவில் ஒரு பட்டறையில் வண்டிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள். தரையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் கட்டையின் தூசியைத் தின்றுகொண்டே செய்கிற பிரேக் வேலை அங்கிருந்த ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. அதை இவள் தலையில் கட்டினார்கள். பத்து வருடத்தில் அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிறகு ஊர் திரும்பி, வெள்ளி வேலை செய்யும் அண்ணன் எவுசேபியோவின் பட்டறையில் பாதியைத் தடுத்துத் தன் இடமாக்கிக்கொண்டாள். ஒரு பக்கம் அவர் காதணிக்கு மணி உருட்டுவார், மறுபக்கம் இவள் சக்கரத்து பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றுவாள். நாங்கள் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் பார்த்த வண்டி நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஜூலையில், மழை பெய்த ஒரு காலையில், எங்கள் ஸ்டாண்டு டிரைவர் வென்செஸ்லாவோவின் வண்டி சந்தைக்கு இறங்கும் சரிவில் சறுக்கியது. நான் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பிரேக் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி வண்டி மூக்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு சுவரை நோக்கிப் போனது. சுவரோரம், ஊரே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் டெல்ஃபினா, இலையில் சுற்றி வேகவைத்த சோளமாவுத் தமாலே விற்றுக்கொண்டிருந்தாள். பதினாறு வருடமாக அதே மூலையில் விற்பவள். மட்கார்டுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் தொடை எலும்பு முறிந்தது. தமாலே அண்டா சரிவில் உருண்டு சந்தை வாசல்வரை போய்த்தான் நின்றது.

வென்செஸ்லாவோ அதிகம் பேசாதவன். "மிதிச்சேன், நல்லாத்தான் மிதிச்சேன்" என்பதைத் தவிர வேறெதுவும் அவன் வாயிலிருந்து வரவில்லை. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பெடல் கெட்டியாக இருந்தது. ஆயில் ஒழுகவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் செங்குத்துச் சரிவிலும் வண்டி பாறைபோல நின்றது. வண்டியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். குடித்திருந்தான் என்று ஒரு பேச்சு. போனில் பேசிக்கொண்டு வந்தான் என்று இன்னொன்று. அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். சங்கம் அவனை ஸ்டாண்டிலிருந்து நிறுத்திவைத்தது.

ஒத்தீலியாவும் சும்மா இருக்கவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கும்போது அவனைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டிக்கு நாலு பிரேக்கு. ஓட்டுறவனுக்கு ஒரே ஒரு மூளை. இதுல எது வேலை செய்யலன்னு யாராச்சும் என்கிட்ட கேக்கணுமா?"

சிரித்தோம். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஐந்து வாரம் கழித்து அவனே அவள் பட்டறைக்கு வந்தான். என் ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றிக்கொள்ள நானும் அங்கே போயிருந்தேன்.

"என்னப்பா, மூளைக்கு லைனிங் மாத்தணுமா?" என்றாள்.

"சிரிங்க மேஸ்திரி. ஆனா ஒருதரம் கழட்டிப் பாத்துடுங்க. எனக்குத் தூக்கமே வரல. தப்பு என் காலுதான்னு நீங்க சொல்லிட்டா, நான் வண்டிய வித்துட்டு வேற பொழப்பு பாத்துக்கறேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, மேட்டுத் தெருவில் ஏறி இறங்கினாள். இறக்கத்தில் நாலைந்து தடவை அழுத்தி மிதித்தாள். பட்டறை வாசலில் நிறுத்தியதும் குனிந்து ஒவ்வொரு சக்கரத்து டிரம்மின்மேலும் உள்ளங்கையை வைத்தாள். முன் இரண்டும் சுட்டன. வலது பின்சக்கரத்தில் வைத்த கையை உடனே உதறினாள். இடது பின்சக்கரத்தில் கை அப்படியே இருந்தது.

"இது பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. ருத்திலியோ, நீ கை வச்சுப் பாரு" என்றாள் என்னிடம்.

வைத்தேன். வெயிலில் நின்ற இரும்பின் சூடுகூட இல்லை.

"ஆனா ஹேண்ட் பிரேக் பிடிக்குதே மேஸ்திரி" என்றேன்.

"ஹேண்ட் பிரேக்கு கம்பியில ஓடுது. கால் பிரேக்கு ஆயில்ல ஓடுது. கம்பி இழுத்தா பிடிக்குதுன்னா லைனிங்கும் டிரம்மும் நல்லாருக்குன்னு அர்த்தம். அப்ப ஆயில்தான் வந்து சேரல."

நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, நானும் வென்செஸ்லாவோவும் தொங்கி, சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய நட்டைத் தளர்த்தினோம். டிரம் வெளியே வந்தது. உள்ளே லைனிங் தடிமன் குறையாமல் புதிதுபோல இருந்தது. வலப்பக்கத்தையும் கழற்றச் சொன்னாள். அங்கே லைனிங் தேய்ந்து ரிவெட் தலை தெரிந்தது. ஒரே வண்டி, ஒரே அச்சு. ஒரு பக்கம் இரண்டு பேர் வேலையைச் செய்து செத்துக்கொண்டிருந்தது, மறுபக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சரிவில் அழுத்தி மிதித்தால், பிடிக்கிற வலப்பக்கம்தான் வண்டி திரும்பும்.

என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஆயிலை வாங்கி லைனிங்கைத் தள்ளுகிற இடது வீல் சிலிண்டரில், காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். பெடல் கெட்டியாகவே இருந்தது.

"யாரோ அடச்சு வச்சிருக்கான்" என்றாள். "சிலிண்டர் ஒழுகுனா புதுசு போடத் துப்பில்லாதவன், பைப்பு வாயில ஒரு குண்டப் போட்டு மூடிடுவான். ஒழுக்கு நின்னுடும். அந்தச் சக்கரமும் செத்துடும். எந்தக் கசாப்புக்காரன் செஞ்சான்னு இப்பப் பாக்கலாம்."

பைப்பைக் கழற்றினாள். அதன் வாயில் கறுத்த குண்டு ஒன்று நசுங்கி உட்கார்ந்திருந்தது. ஊசியால் நெம்பி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். ஸ்டீல் குண்டு நசுங்காதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே அவள் ஊசி முனையால் அதைக் கீறினாள். கீறிய இடம் வெள்ளையாக மின்னியது.

வெள்ளி.

அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எவுசேபியோவின் மேசைமேல் காதணிக்கு உருட்டிய மணிகள் ஒரு தட்டில் கிடந்தன. அவள் எழவில்லை. குண்டைத் தூக்கிப் பிடித்து, தட்டிலிருந்த மணிகளோடு அளவு பார்த்தாள்.

"என்ன மேஸ்திரி?" என்றான் வென்செஸ்லாவோ.

"இந்த வண்டி முன்னாடி யாருது?"

"நம்ம ஸ்டாண்டுல ஓட்டின ஹெனாரோவோடது. அவர் வடக்க, எல்லை தாண்டிப் போகும்போது ஒருத்தருக்கு வித்தார். அந்த ஆளுகிட்டருந்து நான் வாங்கினேன்."

"நாலு வருசம் முன்னாடி பெரிய வியாழக்கிழமை" என்றாள். "ஊரெல்லாம் ஊர்வலம், வெளியூர்க் கூட்டம். சாமான் கடை எல்லாம் மூடியிருந்துச்சு. ஹெனாரோ வந்து, இந்த வாரம் ஓட்டலன்னா வருசத்துக்கும் பட்டினி மேஸ்திரின்னு அழுதான். சரியான அளவுல குண்டு கெடைக்கல. அண்ணன் தட்டுலருந்து ஒண்ண எடுத்துப் போட்டேன். திங்கக்கெழம வா, புது சிலிண்டர் போடறேன், அதுவரைக்கும் சரிவுல இறங்காதேன்னு சொல்லி அனுப்பினேன். திங்கக்கெழம எங்கப்பாவுக்குப் பக்கவாதம். ரெண்டு வாரம் இகுவாலா ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். அவன் வரல. நான் மறந்துட்டேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் எவுசேபியோவின் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"கசாப்புக்காரன் நான்தான்" என்றாள்.

வென்செஸ்லாவோ கத்துவான் என்று நினைத்தேன். அவனோ அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, அந்தக் குண்டை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தான். "அப்ப நான் நல்லாத்தான் மிதிச்சிருக்கேன்" என்றான். அதன்பிறகுதான் அழுதான்.

அவள் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே இருந்த எல்லோர் முன்னாலும் குண்டைக் காட்டிச் சொன்னாள். ஒருவன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கிக்கொண்டான். பிறகு டெல்ஃபினாவின் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

டெல்ஃபினா கட்டிலில் சாய்ந்திருந்தாள். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் போர்வை ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வென்செஸ்லாவோ பூ வாங்கிட்டு வந்தான்" என்றாள் கடைசியில். "உன் புள்ளைங்க என் கண்ணு முன்னால சாகணும்டான்னு சொன்னேன். அத நான் எப்படித் திருப்பி எடுப்பேன், ஒத்தீலியா?"

"அந்தச் சாபம் எனக்கு வரட்டும் தோன்யா."

"உனக்குப் புள்ளை இல்லையே." இதை ஏளனமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பவள்போல் யோசித்துச் சொன்னாள். "இன்னிக்கு உன்ன மன்னிக்க எனக்கு வரல. கதவச் சாத்திட்டுப் போ. அவன வரச் சொல்லு."

மறுநாள் முதல் ஒத்தீலியா வேறு வேலை எடுக்கவில்லை. அவசரத்துக்குத் தான் அப்படி அடைத்த வண்டிகள், வென்செஸ்லாவோவுடையதையும் சேர்த்து, தன் நினைவில் நாலு என்றாள். ஆனால் தன் நினைவைத் தானே நம்பவில்லை. ஸ்டாண்டிலிருந்த அத்தனை வண்டியின் பின்சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாள். அறுபத்திரண்டு வண்டிகள். ஒன்பதில் பைப் அடைபட்டிருந்தது. மூன்றில் வெள்ளிக் குண்டு. மற்றவை அவள் வேலை இல்லை. எந்தெந்த ஊர்ப் பட்டறைகளிலோ ஸ்டீல் குண்டு போட்டும், பைப்பையே நசுக்கி மடித்தும் வைத்திருந்தார்கள்.

ஒன்பதில் ஒன்று என்னுடையது.

"நான் செஞ்சதில்ல. பாரு, சைக்கிள் குண்டு" என்று அவள் நீட்டினாள். அந்த வண்டியில்தான் என் இரண்டு மகள்களையும் தினமும் மழையிலும் வெயிலிலும் பள்ளிக்கு இறக்கிவிட்டேன். வென்செஸ்லாவோ போனில் பேசிக்கொண்டு வந்தான் என்று நான் சொன்னதும் அதே வண்டியில் உட்கார்ந்துதான். அன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சங்கம் வென்செஸ்லாவோவைத் திரும்பச் சேர்த்தது. மன்னிப்புக் கேட்க நாங்கள் வரிசையில் நின்றபோது, "விடுங்கப்பா, பயணி காத்துக்கிட்டிருக்காங்க" என்று கிளம்பிவிட்டான். டெல்ஃபினா அவனிடம் என்ன சொன்னாள் என்று இருவரும் வெளியே சொல்லவில்லை. கைத்தடியோடு அவள் மறுபடி மூலைக்கு வந்தாள். இப்போது உட்கார்ந்துதான் விற்கிறாள். ஒத்தீலியா சென்றால் இலையில் வைத்துக் கொடுப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஒத்தீலியா இன்னும் பிரேக் பார்க்கிறாள். முன்போல வாய் நீளமில்லை. சாமான் கிடைக்காத வண்டி வந்தால் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறாள். ஊர்வல நாளானாலும் சரி, பிரசவத்துக்குப் போகிற வண்டியானாலும் சரி. போன மாதம் ஒருவன் வாசலில் நின்று அவள் அம்மாவரைக்கும் இழுத்துத் திட்டினான்.

"திட்டுப்பா" என்றாள் உள்ளேயிருந்து. "சிலிண்டர் செவ்வாக்கெழம வருது."