ரெவாங்கின் படகில் தண்ணீர் இறைத்தவன்

படகு தவறான பக்கம் போகிறது. வழி தெரிந்த இன்னொருவனும் அதே படகில் உட்கார்ந்திருக்கிறான். அவன் என்ன செய்ய வேண்டும்?

பசிபிக் கடலின் புலுவத்துத் தீவுக்காரர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடலில் வாய் வழிகாட்டிக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் கை இருந்தால் போதும். யலிமாய்க்கு நட்சத்திரங்கள் அத்தனையும் தெரியும், அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அவன் ஏறியது மனைவியின் அண்ணன் ரெவாங்கின் படகில். அங்கே அவன் கையில் இருந்தது தண்ணீர் இறைக்கும் மரச்சட்டி.

ஆமை பிடிக்க, ஆள் குடியிராத பிகெலோத் தீவுக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு இரவு நட்சத்திரமே இல்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது ஊர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஐந்து பேருக்கு மிச்சம் இரண்டு இளநீர்.

"ஆமைகூட நம்மளப் பாத்துச் சிரிக்குதுடா," என்றான் இகெலூக், பாய்க்கயிற்றைப் பிடித்தபடி.

அப்போது ஒரு வெள்ளை ஆலாப் பறவை தலைக்கு மேலே வடக்கே பறந்தது. காலையில் பறவை கரையை விட்டுக் கடலுக்கு வரும். அது வந்த திசையில்தான் நிலம். சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மூன்று நாளாகக் கண்மூடாத ரெவாங், சிவந்த கண்களால் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெக்க விடுங்கடா."

யலிமாய் பறவையின் அலகைப் பார்த்திருந்தான். குறுக்காக ஒரு மீன். குஞ்சு பொரித்த பறவை காலையிலும் வீடு திரும்பும்.

அப்படியானால் நிலம் வடக்கே, தெற்கே வெறும் கடல். சொன்னால் மச்சானின் பேர் போகும். சொல்லாவிட்டால் ஐந்து உயிர். அவன் நாலு சட்டித் தண்ணீரை வெளியே கொட்டினான்.

"இகெலூக், அந்த ஆலாவப் பாத்தியா? வாயில மீனோட என்னா ஓட்டம்! வெறுங்கையோட போனா உன் பொண்டாட்டி மாதிரி அதோட குஞ்சும் கத்தும்போல."

"எம் பொண்டாட்டி கத்துறது இருக்கட்டும், நீ தண்ணிய இறை."

ரெவாங் சிரிக்கவில்லை. பறவை போன பக்கமே வெகுநேரம் பார்த்தார். "படகு திரும்பட்டும், பாயை மறுமுனைக்குத் தூக்குங்க," என்றார். "வடக்க."

உச்சிப்பொழுதில் தென்னந்தலைகள் தெரிந்தன.

ரெவாங் மறைக்கவில்லை. ஊர்ப் படகுக்கொட்டகையில் கள்ளுக்கு உட்கார்ந்தவர்களிடம் தானே சொன்னார்: "பறவையப் பாத்தது நான். மீனப் பாத்தது மாப்ள."

அந்த வருடம் ஈரப்பலா மரத்தில் குடைந்த புதுப்படகு ஒன்று தயாராகியிருந்தது. ஊர்த் தலைவர் யலிமாயைக் கூப்பிட்டு, "இது உனக்கு. இனிமே நீ வழி சொல்லு," என்றார். மனைவி நெசிலிம் அன்றே புதுப்படகுக்குப் பாய் முடையத் தொடங்கிவிட்டாள். அவள் பல வருடம் காத்திருந்த வார்த்தை அது.

யலிமாய் வேண்டாம் என்று மறுத்துவிட்டான். பணிவு என்றார்கள் பிறகு. பயம் என்றான் இகெலூக். நெசிலிம் ஒரு மாதம் பேசவில்லை.

காற்று மாறிய நாளில் புதுப்படகை இன்னொருவன் ஓட்டிப் போனான். யலிமாய் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் ரெவாங்கின் படகில் ஏறி, மரச்சட்டியை எடுத்துக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தான்.