மேசைமீது வைக்கப்பட்ட பதில்

1953ஆம் ஆண்டு பிப்ரவரி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, திருவனந்தபுரம் சட்டசபையின் கேள்வி நேரத்தில் நான்கு பிரிவுகள் கொண்ட கேள்வியொன்று வந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி நம் மலைத்தோட்டங்களில் வேலை செய்வோருக்கு ரேஷன் கார்டு மறுக்கப்படுவது அரசுக்குத் தெரியுமா என்பது முதற்பிரிவு. எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, மறுத்தவர் யார், அவர்மீது நடவடிக்கை என்ன என்பன மற்ற மூன்று. அமைச்சர் எழுந்து முதற்பிரிவுக்கு "இல்லை" என்றார். மற்ற மூன்றுக்கும் சேர்த்து "கேள்வியே எழவில்லை" என்றார். பதில் அரை நிமிடத்தில் முடிந்தது.

கேட்ட உறுப்பினர் தென் தாலுகா ஒன்றிலிருந்து வந்த நெல்லையப்பன். ஆனால் கேள்வியை எழுதியவர் அவரல்ல. ஆரியசாலையில், மொத்த மிளகாய்க்கடை ஒன்றின் மாடியறையில், கூலிக்குத் தட்டச்சு செய்துவந்த விஜயம் எழுதியது அது.

விஜயத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. பூதப்பாண்டிப் பக்கத்துக் குடும்பம். கணவர் அந்த மிளகாய்க்கடையில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவந்தவர். 1945இல் டைபாய்டில் இறந்தார். அவர் விட்டுப்போன தட்டச்சு இயந்திரத்தில் தாமே பழகி, இரண்டு ஆண்டுகளில் வக்கீல்களின் நகல் வேலையைப் பிடித்துக்கொண்டார் விஜயம். சட்டசபைக்குத் தென் தாலுகாக்களிலிருந்து தமிழ் உறுப்பினர்கள் வரத் தொடங்கியபோது அவர்களும் அந்த மாடிக்கு ஏறினார்கள். மிளகாய்க் காரத்தில் இருமிக்கொண்டே தங்கள் ஊர்க் குறைகளைச் சொல்வார்கள். சபை விதியோ கேள்வியில் வாதம் இருக்கலாகாது, அனுமானம் இருக்கலாகாது, வசைச்சொல் இருக்கலாகாது என்றது. ஆகவே அவர்கள் சொல்வதில் உள்ள கோபத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் கேள்வியாக்கித் தட்டித் தருவது விஜயத்தின் வேலையாயிற்று. நீக்கிய கோபம் அவரிடமே தங்கிவிட்டது என்று தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. ஒவ்வொரு கேள்வி அறிவிப்புக்கும் கார்பன் நகல் எடுத்து, கூட்டத்தொடர்வாரியாகத் தைத்து வைத்திருந்தார்.

இந்தக் கேள்வி ராகேலுக்காக எழுதப்பட்டது. ராகேல் போனக்காட்டுக்கு அப்பால், மலைமேல் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளி. இம்மாநிலத்தில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் இலங்கை சென்று, அங்கே குடியுரிமை இல்லை என்று ஆன பிறகு, 1951இல் இரண்டு குழந்தைகளோடு திரும்பியவர். கணவர் சுவாமிதாஸ் அங்கேயே காலமாகிவிட்டார். ரேஷன் கார்டு இல்லாதவர் பெயரை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் எழுதுவதில்லை என்று தோட்ட நிர்வாகம் அறிவித்திருந்தது. பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கும் ஒற்றை அறையும் இல்லை. மலையடிவாரத்து ரேஷன் அலுவலகத்திலோ, சிலோனிலிருந்து வந்தவர் அந்நிய தேசத்தார், கார்டு கிடையாது என்று வாய்வார்த்தையாகத் திருப்பியனுப்பினார்கள். இப்படிப் பதினொரு குடும்பங்கள் இருந்தன. மலையிறங்கி வந்து கேட்டவர் ராகேல் ஒருவரே.

பிப்ரவரி பத்தாம் தேதி விஜயமும் ராகேலும் பார்வையாளர் மாடத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சர் "இல்லை" என்றதும் நெல்லையப்பன் துணைக்கேள்வி கேட்க எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"கடல்கடந்து போய் உழைத்துத் திரும்பிய நம் மக்களை அந்நியர் என்பது இந்த அரசின் கொள்கையா?"

"சிலோன் வெளிநாடு. வெளிநாட்டு விவகாரம் டில்லியில் கேட்கவேண்டியது. கனம் உறுப்பினருக்கு வேண்டுமானால் அங்கே போக வண்டிக்கூலி தர ஏற்பாடு செய்யலாம்" என்றார் அமைச்சர். சபை சிரித்தது.

ராகேல் விஜயத்தின் கையைத் தொட்டார். "எதுக்கும்மா சிரிக்கிறாங்க? என் பேரு வந்திச்சா?"

"வரலை."

"அப்போ யாரைச் சிரிக்கிறாங்க?"

சினத்தில் விஜயத்துக்குக் காது அடைத்துக்கொண்டது என்று பின்னர் சொல்லியிருக்கிறார். டில்லியில் கேட்டாயிற்று என்பது அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதமே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் இதே விஷயத்தைக் கடிதமாக அனுப்பி, ரேஷன் மாநில அரசின் பொறுப்பு என்ற பதிலையும் வாங்கிவைத்திருந்தார். அன்று மாலை அந்தப் பதிலையும் இந்தப் பதிலையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகத் தட்டினார். ஒரு பெண்ணை இரண்டு அரசாங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று தள்ளிவிட்டது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்பதும் தெரிந்தது.

பிறகு தம் கார்பன் நகலை எடுத்துப் படித்தார். பிழை அவருடையதே. "மறுக்கப்படுவது" என்று எழுதியிருந்தார். மறுப்பதற்கு முதலில் மனு வேண்டும். ராகேல் நீட்டிய தாளை அலுவலகத்தில் யாரும் கையால் தொடவே இல்லை. பதிவேட்டில் அப்படியொரு மனு ஏறவே இல்லை. ஏறாத மனுவை யாரும் மறுக்கவில்லை. ஆகவே அமைச்சர் சொன்ன "இல்லை", எழுத்தளவில் உண்மை. முதற்பிரிவு விழுந்தால் அதைப் பிடித்துத் தொங்கும் மற்றவையும் விழும். ஐந்து ஆண்டு இதே வேலை செய்தும் கோபத்தில் இதைக் கவனிக்காமல் போனோமே என்று தம்மைத்தாமே வைதுகொண்டார்.

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, ராகேலின் மனு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சென்றது. பத்தொன்பதாம் தேதி அட்டை திரும்பிவந்தது. அலுவலகத்தின் கையொப்பமும் தேதி முத்திரையும் இருந்தன. அதை ஆதாரமாக வைத்து இரண்டாம் கேள்வியை எழுதினார் விஜயம். (அ) இன்ன எண்ணுள்ள பதிவுத் தபால் இன்ன தேதியில் கிடைத்ததா? (ஆ) அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன? (இ) இம்மாநிலத்தில் பிறந்து, இலங்கை சென்று திரும்பியவருக்கு ரேஷன் கார்டு தரக்கூடாது என்று விதி ஏதேனும் உண்டா? ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும். நெல்லையப்பன் கையெழுத்திட்டார். கேள்வி ஏற்கப்பட்டு, மார்ச் பத்தொன்பதாம் தேதிப் பட்டியலில் ஆறாவதாக இடம்பெற்றது.

மார்ச் பதினாறாம் தேதி காலை நெல்லையப்பன் மாடியேறி வந்தார். வழக்கத்தைவிட அதிகமாக இருமினார்.

"தங்கச்சி, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்குகதுக்கு ஒரு தாள் அடிச்சுத் தா."

"எந்தக் கேள்வியை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நம்ம கட்சி இப்பம் மந்திரிசபையோட பேசிக்கிட்டிருக்கு. தமிழ்ப் பகுதிக்கு என்னென்ன வேணும்னு பெரிய பேச்சு. இந்த நேரத்துல மந்திரியை நிறுத்தி வச்சு ஒரு கார்டு விஷயத்தைக் கேட்டா நல்லாருக்குமா? நம்மாளுவளே எம்மேல பாயுதானுவோ."

"அந்தப் பொம்பளை தமிழ்ப் பகுதி இல்லையா அண்ணாச்சி?"

"அவ இருக்கது நெடுமங்காட்டுப் பக்கம். நம்ம கேக்க தமிழ்ப் பகுதியில அது வராதுல்லா."

"ஓகோ. சிலோன்காரன் எங்காளு இல்லைங்கான். டில்லிக்காரன் எங்க வேலை இல்லைங்கான். இப்பம் நீரும் கோடு போட்டாச்சு. மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துலயா படிச்சியோ?"

"சத்தம் போடாதே. கீழ கடையில ஆளு நிக்கு."

"நிக்கட்டும். பிப்ரவரியில எழும்பி அவ்வளவு பெரிய குரல்ல பேசினீரே, அப்பம் ஆளு நிக்கலையா? ஏப்ரல் ஒண்ணாந் தேதி அவளைப் பிள்ளைகளோட வெளிய தள்ளுவான். உம்ம பேச்சுவார்த்தை ஏப்ரல் ஒண்ணுக்குள்ள முடியுமா?"

நெல்லையப்பன் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் அல்லர் அவர். தம் கட்சிக்காரர்களைக் கண்டு அஞ்சியவர், அவ்வளவே. ஆனால் அந்த அச்சத்துக்கு விலை கொடுக்கவேண்டியவர் வேறொருவர் என்பதே விஜயத்தைப் பொறுக்கமுடியாமல் செய்தது. தாளை இயந்திரத்தில் ஏற்றினார், ஏற்றியபடி நிறுத்தினார். சபை விதிப்புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. உறுப்பினர் வாபஸ் வாங்கினால் கேள்வி செத்துப்போகும்; பதில் வெளிவராது. ஆனால் பட்டியலில் உள்ள கேள்விக்குரிய உறுப்பினர் சபையில் இல்லையென்றால், ஆயத்தமாக உள்ள பதில் எழுத்துமூலம் மேசைமீது வைக்கப்படும். நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும்.

"அண்ணாச்சி, நீரு வாபஸ் வாங்க வேண்டாம். கேக்கவும் வேண்டாம். வியாழக்கிழமை சபைக்கே வராதியும்."

"வராம?"

"உமக்கு வயித்துவலி உண்டும்லா?"

"வியாழக்கிழமைக்கா? நேத்துத் தின்ன வடைக்கு இன்னைக்கே வந்தாச்சே!" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. "நான் பயந்து ஒளிஞ்சேன்னு நாகர்கோவில்ல பேசுவானுவோ, தங்கச்சி."

"பயந்தது நெசந்தானே."

அவர் இறங்கிப்போனார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விஜயமும் ராகேலும் மாடத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். நெல்லையப்பனின் இருக்கை காலியாக இருந்தது. மூன்றாம் கேள்வி முடிந்தது. நான்காவது நடக்கும்போது பக்கவாயிலில் நெல்லையப்பன் தோன்றினார். கட்சிக் கொறடா அவர் முழங்கையைப் பிடித்தபடி உடன்வந்தார். அவர் தங்கியிருந்த விடுதிக்கே கார் அனுப்பி அழைத்துவந்திருந்தார்கள். நேரில் எழுந்து "கேள்வியைக் கேட்கவில்லை" என்று சொல்லவைக்கத்தான்.

விஜயம் எழுந்து நின்றார். மாடத்தில் நிற்கக்கூடாது. காவலாள் வந்து, "இரிக்கணும் அம்மா, இரிக்கணும்" என்றார். விஜயம் உட்காரவில்லை. பேசவும் இல்லை, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே அந்த ஒரு மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிற்பதைக் கண்டு ராகேலும் எழுந்தார். இரண்டாவது காவலாளும் வந்துவிட்டார். சபையில் சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். நெல்லையப்பனும் பார்த்தார்.

ஐந்தாம் கேள்விக்குத் துணைக்கேள்விகள் நடந்துகொண்டிருந்தன. நெல்லையப்பன் தம் இருக்கைக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றுவிட்டார். கொறடா ஏதோ சொன்னார். நெல்லையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்றே குனிந்தார். நடிப்பு சுமார்தான். திரும்பி, வந்த வாயிலாலேயே வெளியேறினார்.

சபாநாயகர் ஆறாம் எண்ணை அழைத்தார். மறுபடி பெயர் சொல்லி அழைத்தார். யாரும் எழவில்லை. "உறுப்பினர் இல்லை. பதில் மேசைமீது வைக்கப்படும்" என்று ஏழாம் எண்ணுக்குச் சென்றார். விஜயம் அப்போதுதான் உட்கார்ந்தார். ஆறாம் எண் முடிந்ததால் உட்கார்ந்ததாகவும், காவலாள் சொன்னதற்காக அல்ல என்றும் அவர் வலியுறுத்துவார்.

பதில் இதுவே: (அ) ஆம். (ஆ) பரிசீலனையில் உள்ளது. (இ) அப்படி விதி ஏதும் இல்லை.

பரிசீலனை! ஒரு மாதமாக அந்த உறை பிரிக்கப்படவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. விதியே இல்லாத ஒன்றைக் காட்டி ஒன்றரை ஆண்டு ஒரு பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் கள்ளச்சந்தை அரிசியில் வாழவைத்தவர்களுக்கு அந்த மூன்று வரியில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதி, சபைச் செயலகத்தில் பெற்ற, பதிலின் சான்றிட்ட நகலோடு விஜயம் ராகேலை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்து அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் நகலை இரண்டுமுறை படித்தார். உள்ளே எடுத்துப்போய்த் திரும்பிவந்தார். மதியத்துக்குள் கார்டு எழுதப்பட்டது.

"மத்தப் பத்துக் குடும்பத்துக்கு?" என்றார் விஜயம்.

"அதொண்ணும் பற்றில்லா, சேச்சி" என்று, முடியாதென்னும்படி தலையசைத்தார் எழுத்தர். " இது ராகேலுடெ காரியம். அவர்க்கு வேறெ மந்திரி உத்தரவு வரணும்."

விஜயம் பையிலிருந்து பத்து மனுக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "விதி இல்லைன்னு உம்ம மந்திரி அச்சுல சொல்லியாச்சு. அவரு ராகேலுக்கு மட்டும் விதி இல்லைன்னா சொல்லியிருக்காரு? இதை வாங்கிக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போடும்."

"கையெழுத்து எந்தினா?"

"நீரு வாங்கினீரா இல்லையான்னு சபையில கேக்கதுக்கு. உம்ம பேரைப் போட்டே கேப்பேன்."

அறையில் மற்ற எழுத்தர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த எழுத்தர் பேனாவை எடுத்தார். பத்தாவது கையெழுத்து முடியும்வரை விஜயம் மேசையைவிட்டு நகரவில்லை.

மார்ச் முப்பதாம் தேதி ராகேலின் பெயர் செக்ரோலில் எழுதப்பட்டது. மே மாதத்துக்குள் ஆறு குடும்பங்களுக்குக் கார்டு வந்தது. மீதி நான்குக்காக விஜயம் நான்கு தனித்தனிக் கேள்விகள் தட்டினார். இம்முறை வேறொரு உறுப்பினர் கையெழுத்திட்டார். செப்டம்பரில் சபை கலைக்கப்பட்டது. நிலுவையில் இருந்த கேள்வி அறிவிப்புகள் அனைத்தும் காலாவதியாயின. அந்த நான்கு குடும்பங்களில் இரண்டை ராகேல் தம் ஒற்றை அறையில் வைத்துக்கொண்டிருந்தார். தோட்ட நிர்வாகம் அதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு தாள் அனுப்பியது. ராகேல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆரியசாலைக்குப் புறப்பட்டார்.